பழுதைப் பார்ப்பது: பழைய கண்ணாடி டார்ச்சுகளும் பளபளப்பின் அழகியலும்

யூடியூபில் ஒரு வகை வீடியோ இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் நம்மில் பலரும் அதில் போய் விழுந்திருப்போம். துருப்பிடித்த ஒரு பொருள் மேசைக்கு வரும். இறைச்சி அரைக்கும் இயந்திரமோ, பழைய கத்தியோ, பெட்ரோமாக்ஸ் விளக்கோ. பேச்சு கிடையாது, முகம் கிடையாது. கையுறை போட்ட இரண்டு கைகள் மட்டும். திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழலும். துரு அமிலத்தில் கரையும். மணலை வீசியடித்துப் பழைய பெயின்ட்டை உரிப்பார்கள். கடைசியில் பஃபிங் சக்கரத்தில் பித்தளை தங்கமாக மின்னும். வெள்ளைத் துணிமேல் வைத்து மெதுவாகச் சுற்றிக் காட்டுவார்கள். அவ்வளவுதான். இருபது நிமிஷம் போனதே தெரியாது.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. நானும் நிறையப் பார்க்கிறேன். நாளெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, அதாவது மென்பொருளைச் சரிசெய்துகொண்டே இருப்பவனுக்கு, ஒரு பொருள் கண்முன்னால் சரியாகி முடிந்துபோவதைப் பார்ப்பதில் பெரிய நிம்மதி இருக்கிறது. நம்ம வேலையில் எதுவும் முடியாது. அங்கே முடிகிறது.

ஆனால் எந்தக் கலை வடிவத்துக்கும் ஒரு வாதம் உண்டு, அது வாயைத் திறக்காவிட்டாலும். இந்த வீடியோக்களின் வாதம் இதுதான்: ஒரு பொருளின் உண்மையான நிலை அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த முதல் நாள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அழுக்கு. அழுக்கை எடுத்தால் உண்மை கிடைக்கும்.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கக் கொஞ்சம் விசித்திரமான ஒரு மூலையை எடுத்துக்கொள்கிறேன். பழைய கண்ணாடி வேலை டார்ச்சுகளையும் கைக்கருவிகளையும் தேடிப் பிடித்து, சேர்த்து, மறுபடி இயங்க வைப்பவர்களின் உலகம். அளவில் சின்ன உலகம்தான். ஆனால் பளபளப்பு எங்கே உதவுகிறது, எங்கே அழிக்கிறது என்பது இங்கே துல்லியமாகத் தெரிகிறது.

*

முதலில் இந்தப் பொருட்கள் என்ன என்று பார்த்துவிடலாம். கண்ணாடி வேலை இரண்டு வகை. ஒன்று உலை வேலை: உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் முனையில் எடுத்து ஊதுவது. இன்னொன்று மேசை வேலை: கண்ணாடிக் குழாயையோ கம்பியையோ ஒரு சுடரின்முன் பிடித்து, உருக்கி, வளைத்து, ஒட்டுவது. ஒரு காலத்தில் அந்தச் சுடர் எண்ணெய் விளக்கிலிருந்து வந்தது. நம் ஊர் நகைத் தொழிலாளி ஊதுகுழலை வாயில் வைத்து விளக்குச் சுடரைத் திருப்பிவிடுவார் இல்லையா, அதே தத்துவம். பிறகு வாய்க்குப் பதிலாகக் காலால் மிதிக்கும் துருத்தி வந்தது. எண்ணெய்க்குப் பதிலாக எரிவாயு வந்தது. 1915-ல் கார்னிங் நிறுவனம் பைரெக்ஸ் என்ற பெயரில் போரோசிலிகேட் கண்ணாடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது பழைய மென்கண்ணாடியைவிட அதிக வெப்பம் கேட்கும். காற்று கலந்த சுடர் போதாது, ஆக்சிஜன் வேண்டும். அதனால் டார்ச்சும் மாறியது.

அமெரிக்காவில் இதைச் சேகரிப்பவர்கள் தேடும் பெயர்களில் சில: பென்சில்வேனியாவின் ஹெல்லர்டவுனில் இருந்த பெத்லஹேம் அப்பரேட்டஸ், நியூ ஜெர்சியின் மில்வில் ஊரைச் சேர்ந்த கார்லைல் மெஷின் வொர்க்ஸ், கண்ணாடியைச் சுழற்றி வேலை செய்யும் லேத்துக்குப் பேர்போன லிட்டன். பல்கலைக்கழக வேதியியல் துறைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் கண்ணாடிப் பட்டறைகள் இருந்த காலத்தில் இவை மேசைக்கு மேசை எரிந்துகொண்டிருந்தன. பட்டறையை மூடினாலோ, வேலை பார்த்தவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆள் எடுக்காவிட்டாலோ, பெட்டி பெட்டியாக வெளியே வரும். அதாவது, ஒரு தொழில் சுருங்கும்போதுதான் சேகரிப்பவருக்கு நல்ல காலம் பிறக்கிறது. இந்தக் கசப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

பெட்டியிலிருந்து வரும் ஒரு மேசை டார்ச் பார்க்க அழகாக இருக்காது. வெப்பம் பட்ட முகப்பு கறுத்து, ஓரங்களில் பழுப்பு, ஊதா என்று நிறம் மாறியிருக்கும். வால்வுக் குமிழ்களில் ஒன்று மட்டும் தேய்ந்திருக்கும். எங்கோ ஒரு இடத்தில் அரம் வைத்து ராவிய தடம் இருக்கும். ஒரு குமிழில் யாரோ கம்பி சுற்றி வைத்திருப்பார். வீடியோவின் கண்ணுக்கு இதெல்லாம் 'முன்', மின்னப்போவது 'பின்'.

ஆனால் அந்தத் தேய்ந்த குமிழைக் கொஞ்சம் பாருங்கள். டார்ச்சில் எரிவாயுவுக்கு ஒரு வால்வு, ஆக்சிஜனுக்கு ஒரு வால்வு. வேலைக்காரர் எரிவாயுவை ஒரு அளவில் வைத்துவிட்டு, ஆக்சிஜனை நாளெல்லாம் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தார் என்றால் ஒரு குமிழ் மட்டும்தான் தேயும். அவர் எப்படி வேலை செய்தார் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தேய்மானமாக இருக்கலாம். எழுதி வைத்துவிட்டுப் போயிருக்க மாட்டார். கண்ணாடி வேலைக்காரர்கள் எழுதுகிறவர்கள் அல்ல.

*

ராவிய தடத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். பிரிட்டனில் 1967 முதல் 1977 வரை நாடு முழுவதும் எரிவாயுவே மாறியது. அதுவரை குழாயில் வந்தது பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து எடுத்த நகர வாயு. அதில் ஹைட்ரஜன் நிறைய இருக்கும். அதற்குப் பதிலாக வட கடலிலிருந்து எடுத்த இயற்கை வாயு வந்தது. அது பெரும்பாலும் மீத்தேன். இரண்டும் ஒரே மாதிரி எரியாது. ஹைட்ரஜன் கலந்த வாயுவின் சுடர் வேகமாகப் பரவும், மீத்தேன் சுடர் மெதுவாகப் பரவும். அதே கன அளவில் மீத்தேன் தரும் வெப்பமோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பழைய பர்னரில் புது வாயுவை அப்படியே விட்டால் சுடர் முனையில் நிற்காமல் தூக்கிக்கொண்டு போய் அணையும், இல்லாவிட்டால் காற்று போதாமல் மஞ்சளாகப் புகையும். அதனால் வீட்டு அடுப்பிலிருந்து ஆய்வுக்கூட பர்னர் வரை ஜெட்டை மாற்ற வேண்டியிருந்தது, துளையின் அளவைத் திருத்த வேண்டியிருந்தது.

ஆக, 1950-களில் செய்த ஒரு பிரிட்டிஷ் பர்னரில் ஜெட் மட்டும் வேறு பித்தளையில், வேறு அளவில் இருந்தால், அதைப் 'பொருந்தாத பாகம்' என்று நினைத்து மூல ஜெட்டைத் தேடிப் போடுகிறவர் என்ன செய்கிறார்? ஒரு நாடே தன் எரிபொருளை மாற்றிக்கொண்டதன் ஆவணத்தைக் கழற்றிக் குப்பையில் போடுகிறார். அதோடு, இன்றைய வாயுவில் ஒழுங்காக எரியாத ஒரு பர்னரையும் தயாரிக்கிறார். பார்க்க அசல், பயன்பாட்டில் பொய்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய கதைதான். பழைய நிரலில் ஒரு இடத்தில் காரணமே தெரியாமல் ஒரு 'இஃப்' உட்கார்ந்திருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன், 'என்னடா இது அசிங்கமா இருக்கு' என்று தூக்கிவிடுவான். மார்ச் 31 அன்று எங்கோ ஒரு கணக்கு உதைக்கும். அப்புறம்தான் தெரியும், அந்த அசிங்கம் யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்துக் கண்டுபிடித்த தீர்வு என்று. அதனால்தான் எங்கள் தொழிலில் எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பதைப் பதிவு செய்யக் கருவிகள் வைத்திருக்கிறோம். டார்ச்சுக்கு அப்படி ஒரு பதிவேடு கிடையாது. அரத்தின் தடம்தான் பதிவேடு.

'அசல்' என்ற சொல் இங்கேதான் ஆட்டம் காண்கிறது. எந்த நாள் அசல்? பட்டியலில் படம் பிடித்த நாளா, முதல்முறை எரிந்த நாளா, வாயு மாறியபோது ஒருவர் அதை மறுபடி பிழைக்க வைத்த நாளா? கலைப்படைப்புகளின் மீட்பைப் பற்றி இத்தாலியரான சேசரே பிராண்டி 1963-ல் ஒரு கோட்பாட்டு நூல் வெளியிட்டார். ரோம் நகரின் மத்திய மீட்பு நிறுவனத்தை நடத்தியவர் அவர். மீட்பு என்பது படைப்பின் ஒருமையைத் திரும்பக் கொண்டுவர முயல வேண்டும். ஆனால் அதற்காக வரலாற்றுப் போலியை உண்டாக்கக் கூடாது, அந்தப் பொருள் காலத்தைக் கடந்து வந்த தடங்களை முழுக்கத் துடைத்துவிடவும் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். ஓவியங்களையும் கட்டடங்களையும் மனதில் வைத்துச் சொன்னது. ஒரு பர்னர் ஜெட்டுக்கும் பொருந்துகிறது.

*

இந்த இடத்தில் எளிதாக ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்: பளபளப்பு கெட்டது, கறை நல்லது. இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்த முடிவு ரொம்பப் பிடிக்கும். கறை, தேய்மானம், காலத்தின் ரேகை என்று கவிதை எழுதிவிடலாம். சேகரிப்பவர்களிலும் இப்படி ஒரு கட்சி உண்டு. எதையும் தொடாதே, தூசியைக்கூடத் துடைக்காதே என்பார்கள்.

இதை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. காரணம், கருவிகளே ஒப்புக்கொள்ளவில்லை.

உலை வேலையின் முதன்மைக் கருவி ஜாக். இரண்டு அலகுள்ள பெரிய இடுக்கி மாதிரி இருக்கும், பின்பக்கம் ஸ்பிரிங் போல வளைந்திருக்கும். சுழலும் கண்ணாடியின் கழுத்தை இறுக்குவது இதன் வேலை. கண்ணாடியைத் தொடும் அலகில் துருவின் குழி இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கண்ணாடி கீறிக்கொள்ளும். வேலைக்காரர்களே அலகை வழவழப்பாக வைத்து, தேன்மெழுகு தடவித்தான் பயன்படுத்துவார்கள். ஆக, அலகில் இருக்கும் துரு வரலாறு இல்லை, வெறும் துருதான். அதைத் தேய்த்து எடுப்பதுதான் மரியாதை. அதே சமயம் கருவி மொத்தத்தையும் மணல் வீச்சுக்குக் கொடுத்தால் அலகும் சொரசொரப்பாகிவிடும். கெட்டது போக, நல்லதையும் சேர்த்துக் கெடுத்ததுதான் மிச்சம்.

இன்னொரு பொருள், செர்ரி மரக் கட்டையில் கிண்ணம் போலக் குடைந்து கைப்பிடி வைத்த அச்சு. சூடான கண்ணாடி உருண்டையை வடிவத்துக்குக் கொண்டுவர இது. இதை எப்போதும் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார்கள். நனைந்த மரத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே நீராவி ஒரு மெத்தை போல நிற்கும். எடுத்துக் கண்ணாடி அலமாரியில் அழகாக வைத்தீர்கள் என்றால் காய்ந்து வெடிக்கும். 'தொடாதே' கட்சிக்காரரின் அலமாரியிலேயே இந்தக் கருவி சாகும். அது உயிரோடு இருக்க வேண்டுமானால் தினமும் யாராவது அதைத் தொட வேண்டும்.

மூன்றாவது, கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கண்ணாடிப் பட்டறைகளில் கையுறை, நாடா, சூடான பொருளை வைக்கும் பலகை என எங்கும் அது இருந்தது. பழைய பெட்டியில் அதுவும் சேர்ந்து வரும். அதன் நார் நுரையீரலுக்குள் போனால் என்ன செய்யும் என்று இப்போது தெரியும். அதைக் காலத்தின் தடம் என்று பத்திரப்படுத்த முடியாது. விஷயம் தெரிந்தவர்களை வைத்து முறையாக அகற்றத்தான் வேண்டும். ஆனால் அகற்றியதைச் சொல்லவும் வேண்டும். ஏனென்றால் அந்த நாடாவை நாளெல்லாம் கையில் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தவர் ஒருவர் இருந்தார்.

கறையைக் கொண்டாடும் அழகியல் தடுமாறும் இடம் இதுதான். கறைக்குப் பின்னால் இருந்தது உழைப்பு, சில சமயம் நோய். இதை நமக்கு முன்பே, அதுவும் கண்ணாடியை வைத்தே யோசித்தவர் ஜான் ரஸ்கின். 1849-ல் கட்டடக்கலையைப் பற்றி எழுதியபோது மீட்பு என்பதே ஒரு பொய் என்று கடுமையாகச் சொன்னவர் அவர். 'தொடாதே' கட்சிக்கு மூத்தவர். ஆனால் அதே ரஸ்கின் 1853-ல் வெனிஸ் பற்றிய தன் நூலின் இரண்டாம் தொகுதியில், கோதிக் கலையின் இயல்பைப் பேசும் அத்தியாயத்தில், கண்ணாடி மணிகளுக்கு வருகிறார். கண்ணாடியை நீளக் கம்பியாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, உருட்டி எடுக்கும் மணிகள். நறுக்குகிறவர்கள் நாளெல்லாம் உட்கார்ந்து ஒரே அசைவைச் செய்து கை நடுங்கியபடி இருக்கிறார்கள். யோசிக்கவோ எதையும் கற்பனை செய்யவோ அந்த வேலையில் இடமே இல்லை. ஆகவே இந்த மணிகளை வாங்கும் ஒவ்வொரு பெண்ணும் அடிமை வியாபாரத்தில் ஈடுபடுகிறாள் என்கிற அளவுக்குப் போகிறார்.

வாங்கும் பெண்ணை மட்டும் குற்றவாளியாக்கும் அவருடைய விக்டோரியக் கண்ணை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி முக்கியம். பொருள் அழகா என்று அவர் கேட்கவில்லை. அதைச் செய்தபோது ஒரு மனிதருக்கு என்ன ஆனது என்று கேட்டார். கருவி சேகரிப்பவரிடம் கேட்க வேண்டியதும் அதுதான். மணி நறுக்கும் கத்தி ஒன்று உங்களிடம் கிடைத்தால், அதன் பிடி கை வடிவத்துக்குத் தேய்ந்திருப்பதைப் பார்த்து 'ஆஹா' என்பீர்களா? அந்தத் தேய்மானம் திறமையின் கையெழுத்தா, நடுங்கும் கையின் கையெழுத்தா? கத்தி சொல்லாது. நாம்தான் தேடிப்போய்த் தெரிந்துகொள்ள வேண்டும்.

*

டபிள்யூ. ஏ. ஷென்ஸ்டோன் என்பவர் இங்கிலாந்தின் கிளிஃப்டன் கல்லூரிப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். 1886-ல் கண்ணாடி ஊதும் முறைகளைப் பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். மேசை, துருத்தி, ஊதுகுழல் என்று கருவிகளில் ஆரம்பிக்கும், பிறகு கண்ணாடி வகைகள், வெட்டுவது, வளைப்பது, ஒட்டுவது என்று போகும். கருவிகளின் பக்கங்கள் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன. மீதிப் புத்தகம் முழுக்கக் கை, கண், நேரம்.

ஒரு வாசகனாக எனக்கு இந்த மாதிரிக் கையேடுகள் பிடிக்கும். கதை இல்லை, பாத்திரம் இல்லை, ஆனால் வினைச்சொற்களால் ஆன உரைநடை. சுழற்று, மெதுவாகச் சூடாக்கு, ஊது, நிறுத்து, ஆறவிடு. ஈயக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் போதாத சுடரில் காட்டினால் அதிலுள்ள ஈயம் வெளிப்பட்டுக் கண்ணாடி கறுத்துவிடும். அதனால் சுடரின் எந்தப் பகுதியில் பிடிப்பது என்பதே ஒரு பாடம். ஒட்டு வேலை முடிந்ததும் உடனே வெளியே எடுக்கக் கூடாது. புகையும் சுடரில் காட்டி, கரி படியப் படிய ஆறவிடுவது பழைய முறை. அவசரப்பட்டால் விரிசல்தான். டார்ச்சின் முகத்தில் இருக்கும் கறை சில சமயம் இந்தப் பொறுமையின் மிச்சம். அசிங்கம் என்று நாம் தேய்த்து எடுப்பது, ஒரு காலத்தில் கண்ணாடி உடையாமல் இருக்க வேண்டுமென்றே உண்டாக்கிய புகையாக இருக்கலாம்.

வீடியோவின் மௌனத்துக்கும் கையேட்டின் பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெரிகிறது. வீடியோ பொருளில் முடிகிறது. கையேடு பொருளில் ஆரம்பித்து, உங்கள் கையை நோக்கி நகர்கிறது. படித்து முடித்ததும் உங்களுக்கு ஒரு டார்ச் வேண்டும் என்று தோன்றும். வீடியோ பார்த்து முடித்ததும் இன்னொரு வீடியோ வேண்டும் என்று தோன்றும்.

*

கருவிகள் எல்லாம் பத்திரமாக இருந்து, கை மட்டும் போய்விட்டால் என்ன ஆகும்? இதற்கும் ஒரு உண்மைக் கதை இருக்கிறது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் பக்கத்தில் லியோபோல்ட் பிளாஷ்கா, அவருடைய மகன் ருடால்ஃப் என்று இரண்டு பேர். முதலில் கடல் உயிரினங்களைக் கண்ணாடியில் செய்தார்கள். கடல் சாமந்தி, ஜெல்லி மீன் போன்றவற்றை ஆல்கஹாலில் போட்டு வைத்தால் நிறமும் வடிவமும் போய்விடும் என்பதால் அருங்காட்சியகங்கள் இந்தக் கண்ணாடி மாதிரிகளை வாங்கின. பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக 1887 முதல் 1936 வரை, தந்தையும் அவருக்குப் பின் மகன் தனியாகவும், சுமார் 780 தாவர இனங்களை 4,000-க்கும் அதிகமான கண்ணாடி மாதிரிகளாகச் செய்தார்கள். இன்றும் பார்க்கிறவர்கள் அவற்றை நிஜப் பூ என்றே நினைக்கிறார்கள்.

அவர்களின் மேசையும் கருவிகளும் இப்போது அமெரிக்க அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கின்றன. பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு மர மேசை, காலால் மிதிக்கும் துருத்தி, ஒரு விளக்கு, சில இடுக்கிகள், கம்பிகள். இவ்வளவுதானா?

அந்தக் காலத்திலேயே ஜனங்களுக்கு இந்தச் சந்தேகம் இருந்தது. ஏதோ ரகசிய இயந்திரம் வைத்திருக்கிறார்கள், கண்ணாடியை உள்ளே விட்டு அழுத்தினால் பூவாக வருகிறது என்று பேசிக்கொண்டார்கள். இதற்கு லியோபோல்ட் 1889-ல், மாதிரிகளுக்குப் பணம் கொடுத்த வேர் குடும்பத்தின் மேரி லீ வேருக்கு எழுதிய கடிதத்தில் பதில் சொன்னார். ரகசியக் கருவி எதுவும் இல்லை, எங்களிடம் இருப்பது கைநயம் மட்டுமே என்றார். அதோடு நிறுத்தவில்லை. அந்த நயம் தலைமுறைக்குத் தலைமுறை கூடும், என் மகனிடம் என்னைவிட அதிகம் உண்டு, கண்ணாடியில் தேர்ச்சி வேண்டுமென்றால் கண்ணாடியை நேசித்த ஒரு நல்ல கொள்ளுத்தாத்தா கிடைக்க வேண்டும் என்ற பொருளில் எழுதினார்.

இந்தப் பதில் மேற்கில் பெரும்பாலும் ரசிக்கும்படியான ஒரு குறும்பாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. பாதியை நானும் ரசிக்கிறேன். கருவியில் ரகசியம் இல்லை என்பது சேகரிப்பவர் ஒவ்வொருவரும் சுவரில் எழுதி வைக்க வேண்டிய விஷயம். ஆனால் மறுபாதியைத் தமிழில் படிக்கும்போது தொண்டையில் சிக்குகிறது. தொழில் ரத்தத்தில் ஓடுகிறது, அப்பன் செய்ததை மகன் இன்னும் நன்றாகச் செய்வான் என்ற வாக்கியத்தை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம். 1953-ல் அது ஒரு கல்வித் திட்டமாகவே வந்தது. குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்த பிறகுதான் போனது. பரம்பரைத் திறமை என்பது புகழ்ச்சியாகச் சொல்லப்படும்போதுகூட, உள்ளே ஒரு கதவு சாத்தப்படுகிறது.

லியோபோல்டின் கதையே அவருடைய கோட்பாட்டைத் தோற்கடிக்கிறது. ருடால்ஃபுக்குக் குழந்தை இல்லை. சீடர் என்று யாரையும் உருவாக்கவும் இல்லை. 1936-ல் வேலையை நிறுத்தினார், 1939-ல் இறந்தார். அந்தக் கைநயம் அதோடு முடிந்தது. மேசை இருக்கிறது, இடுக்கி இருக்கிறது, வரைபடங்கள் இருக்கின்றன, ஆயிரக்கணக்கான பூக்கள் இருக்கின்றன. ரத்தத்தை நம்பிய தொழில் ரத்தம் நின்றதும் நின்றது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், நியூ ஜெர்சியில் சேலம் கம்யூனிட்டி கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. அறிவியல் கண்ணாடி வேலைக்கு இரண்டு வருடப் பட்டம் தருகிறார்கள். கொள்ளுத்தாத்தா யார் என்று கேட்பதில்லை. அமெரிக்க அறிவியல் கண்ணாடி ஊதுவோர் சங்கம் 1952-ல் ஆரம்பித்தது. அதுவும் இந்த வேலையை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க என்றே நடக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய குழாய் இணைப்புகளைச் செய்பவர்களும் பிளாஷ்காக்களும் ஒரே தரத்துக் கலைஞர்களா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் ஒரு வகுப்பறையில் இருபது பேர் சுமாராகக் கற்றுக்கொள்வது, ஒரே ஒருவர் அற்புதமாகச் செய்துவிட்டு மறைவதைவிட ஒரு தொழிலுக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன். அந்த இருபது பேரில் ஒருவர் அற்புதமாகச் செய்யக்கூடும் என்பதும் ஒரு காரணம்.

*

அப்படியானால் ஒரு பழைய டார்ச்சை என்னதான் செய்வது? தமிழில் இதற்கு நமக்குச் சில சொற்கள் இருக்கின்றன. புதுப்பித்தல் என்கிறோம்; அதற்குள்ளேயே 'புது' இருக்கிறது, வீடியோ செய்வது அதைத்தான். பாதுகாத்தல் என்கிறோம், அது அலமாரிப் பூட்டு. மூன்றாவதாக, சைக்கிள் கடைப் பலகையில் எழுதியிருக்கும் சாதாரணச் சொல் ஒன்று உண்டு: பழுது பார்த்தல். பழுது நீக்குதல் என்றும் சொல்லலாம், ஆனால் கடைக்காரர் பழுது 'பார்க்கிறார்'. நீக்குவதற்கு முன் பார்க்க வேண்டும். எது பழுது, எது பழக்கம், எது ஒருவர் யோசித்துச் செய்த திருத்தம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எனக்கு இந்தச் சொல் போதும்.

நடைமுறையில் இது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கழற்றும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுப்பது. வால்வுகளில் காய்ந்துபோன ரப்பர் வளையங்களையும் அடைப்பான்களையும் மாற்றுவது. இவை தேய்வதற்கென்றே செய்தவை, இவற்றில் சென்டிமென்ட் வேண்டாம். மாற்றிய ஜெட், ராவிய பாகம் எதையும் உடனே தூக்கிப் போடாமல் ஏன் அப்படி இருக்கிறது என்று யோசிப்பது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதை ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, கூடவே வைப்பது. சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்பது. சுடர் பின்வாங்கிக் குழாய்க்குள் ஓடாமல் தடுக்கும் அரெஸ்டரைப் பொருத்துவது. எரிவாயுவும் ஆக்சிஜனும் உள்ளேயே கலக்கும் பழைய வகை டார்ச்சுகளில் இந்த அபாயம் அதிகம். முகப்புக்கு வெளியே கலக்கும் வகையில் அது கிட்டத்தட்ட இல்லை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எச்சரிக்கை. துருவைப் பார்த்ததும் நம் எல்லோருக்கும் கை எண்ணெய் டப்பாவைத் தேடும். வீடியோக்கள் அப்படிப் பழக்கியிருக்கின்றன. ஆக்சிஜன் போகும் பாதையில் சாதாரண எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. அழுத்தத்தில் வரும் சுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும், வெடிக்கவும் செய்யும். அதற்கென்றே உள்ள மசகு மட்டும்தான். ஒரு கத்திக்கோ பூட்டுக்கோ சரியான அன்பு, டார்ச்சுக்கு ஆபத்து. எல்லாப் பொருளுக்கும் ஒரே சடங்கு என்ற அழகியல் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசி வேலை பற்ற வைப்பது. அதற்கும் பிறகு ஒரு வேலை இருக்கிறது, பெரும்பாலான சேகரிப்புகள் அங்கே போவதே இல்லை: கற்றுக்கொள்கிற ஒருவரை அந்த டார்ச்சின் முன்னால் உட்கார வைப்பது. அவர் கண்ணில் டிடிமியம் கண்ணாடி இருக்க வேண்டும். சூடான கண்ணாடியிலிருந்து சோடியத்தின் மஞ்சள் ஒளி கொழுந்துவிட்டு அடிக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. 589 நானோமீட்டர் அளவிலுள்ள அந்த ஒரு மஞ்சளை மட்டும் டிடிமியம் விழுங்கிவிடும். ஜ்வாலை அடங்கி, இளகும் கண்ணாடியின் விளிம்பு தெளிவாகத் தெரியும். மின்னுவதை வடிகட்டினால்தான் வேலை தெரிகிறது.

தொழில் சுருங்கும்போதுதான் சேகரிப்பவருக்குப் பெட்டிகள் கிடைக்கின்றன என்று ஆரம்பத்தில் சொன்னேன். அந்தக் கசப்பிலிருந்து சேகரிப்பவர் முழுக்கத் தப்ப முடியாது. ஆனால் பெட்டி யாருடைய வீட்டில் முடிகிறது, எந்த மேசையில் மறுபடி ஆரம்பிக்கிறது என்பது அவர் கையில்தான் இருக்கிறது.

அந்த வீடியோக்களிடம் எனக்கு இருக்கும் கோரிக்கை ரொம்பச் சின்னது. வெள்ளைத் துணிமேல் சுற்றிக் காட்டியதும் நிறுத்திவிடாதீர்கள். இன்னும் ஒரு நிமிஷம் ஓடட்டும். யாராவது ஒருவர், பழக்கமில்லாத கையோடு, எரிவாயுவைத் திறந்து பற்ற வைத்து, ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி, அதிகமாகிவிட்டது என்று குறைத்து, ஒரு கண்ணாடிக் குழாயைக் கோணலாக வளைக்கட்டும். பித்தளை முகப்பு கொஞ்சம் கறுக்கும். பரவாயில்லை.